முதுகில் விழுந்த கதிர்



சென்ற திங்கள் எங்கள் ஆசிரியர் அறைக்குப் பணி ஓய்வு பெற்ற மூத்த ஆசிரியர் ஒருவர் வந்திருந்தார். மாரடைப்பு கண்டு, இதயத் தமனியில் இரண்டு ஸ்டென்ட் பொருத்திக்கொண்டு, ஆள் இளைத்திருந்தாலும் முகத்தெளிவோடு வந்திருந்தார். சூழ்ந்துகொண்டு ஆளுக்கொன்றாய்க் கேட்டோம். வலித்ததா ஐயா? எத்தனை ஆயிரம் வெள்ளி ஆயிற்று? இனித் தேநீரில் சீனி போடலாமா? எங்கள் அறிவியல் ஆசிரியை மட்டும், "எவ்வளவு நேரம் எக்ஸ்-ரே பாய்ச்சினார்கள், ஐயா?" என்று கேட்டார். "எக்ஸ்-ரேயா? அதெல்லாம் எடுக்கவில்லை அம்மா. டிவியில் பார்த்துக்கொண்டேதான் செய்தார்கள்" என்றார் பெரியவர்.

அந்தத் திரையில் ஓடியது முழுவதும் எக்ஸ்-ரே படம்தான். மார்புப் படம் எடுக்கும்போது மூச்சை அடக்கச் சொல்வார்கள். கண்ணிமைப்பதற்குள் வேலை முடிந்துவிடும். இதயத் தமனியில் குழாய் செலுத்தும் சிகிச்சையிலோ, நொடிக்குப் பல படங்களாக, நிமிடக்கணக்கில், சிலவேளை மணிக்கணக்கில் கதிர் பாய்கிறது. படுத்திருப்பவருக்கு அது தெரிவதேயில்லை. ஒளி இல்லை, ஒலி இல்லை, சூடு இல்லை.

படித்த பெரியவர் ஒருவருக்கே இது தெரியவில்லையே என்று வியப்பதற்கு ஒன்றுமில்லை. நீண்ட நேரம் பாயும் ஊடுகதிர் தோலைப் புண்ணாக்கும், அதுவும் உடனே அன்றி வாரங்கள் கழித்துப் புண்ணாக்கும் என்பதை மருத்துவ உலகம் 1896ஆம் ஆண்டிலேயே கற்றுக்கொண்டது. சற்றேறக்குறைய நூறாண்டு கழித்து, இதய நோயாளிகளின் முதுகில் அதே பாடத்தை மறுபடியும் கற்க வேண்டியதாயிற்று. முதன்முறை கற்றது எப்படி மறந்துபோனது என்பதே இப்பதிவில் நான் எழுத விரும்புவது. நான் மருத்துவன் அல்லேன்; தமிழாசிரியன். நூல்களிலும் ஆய்வேடுகளிலும் படித்தறிந்ததை வரலாற்று முறையில் அடுக்கித் தருகிறேன்.

ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ரோன்ட்கன் 1895 நவம்பர் 8ஆம் நாள் அந்தப் புதிய கதிரைக் கண்டார். டிசம்பர் 22ஆம் நாள் தம் மனைவியின் கையைப் படமெடுத்தார். எலும்பும் மோதிரமும் தெரிந்த அப்படம் சில வாரங்களில் உலகைச் சுற்றிவந்தது. கருவி எளியது. கண்ணாடிக் குழாயும் மின்சுருளும் வைத்திருந்த எந்த ஆய்வுக்கூடத்திலும் செய்துபார்க்கலாம். எல்லாரும் செய்தும் பார்த்தார்கள்.

அமெரிக்காவின் வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில், தலையில் குண்டு பாய்ந்த ஒரு குழந்தைக்காக, மண்டையோட்டைப் படமெடுக்க முடியுமா என்று பார்க்க வேண்டியிருந்தது. வில்லியம் டட்லி என்பவர் சோதனைக்குத் தம் தலையையே கொடுத்தார். ஜான் டேனியல் என்னும் இயற்பியலாளர் குழாயைத் தலைக்கு மிக அருகில் வைத்து ஒரு மணி நேரம் கதிரைப் பாய்ச்சினார். டட்லிக்கு அப்போது ஒன்றும் ஆகவில்லை. 21 நாள் கழித்து, கதிர் பட்ட இடத்தில் மட்டும் முடி கொட்டியது. இது நடந்தது 1896இல்.

அதே ஆண்டில் எலிஹு தாம்சன் என்ற புகழ்பெற்ற மின்பொறியாளர், கதிர் உண்மையிலேயே தோலைச் சுடுமா என்று அறிய, தம் இடக்கைச் சுண்டுவிரலை நாள்தோறும் அரை மணி நேரம் என்று சில நாள் குழாயின் முன் நீட்டினார். விரல் பின்னர் சிவந்து, வீங்கி, கொப்பளித்தது. தாம்சன் எச்சரித்து எழுதினார். பாஸ்டன் நகரப் பல்மருத்துவர் வில்லியம் ரோலின்ஸ் இன்னும் ஒரு படி சென்றார். 1901இல் கினிப்பன்றிகளைக் கதிரில் வைத்து, அவை இறப்பதைக் காட்டினார். குழாயைக் கதிர் புகாத பெட்டிக்குள் அடைக்க வேண்டும், படமெடுக்கும் இடம் தவிர மற்ற இடத்தில் கதிர் படக்கூடாது என்றும் அறிவுரை தந்தார். இன்றைய பாதுகாப்பு விதிகளில் பாதி, அந்தப் பல்மருத்துவர் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் சொன்னவைதாம். அப்போது அவரை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

பொருட்படுத்த வைத்தவை இறப்புகள். தாமஸ் எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, ஒளிர்திரையைச் சோதிக்கத் தம் கைகளையே நாள்தோறும் கதிரில் காட்டியவர். கைகளில் புண், பிறகு புற்று, பிறகு ஒன்றன்பின் ஒன்றாக அறுத்தெடுத்தல் என்று துன்புற்று 1904இல் இறந்தார். எடிசன் ஊடுகதிர் ஆய்வையே கைவிட்டார். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஊடுகதிருக்கும் ரேடியத்துக்கும் பலியான மருத்துவர், அறிவியலாளர், தாதியர் ஆகியோருக்கு 1936இல் ஒரு நினைவுக்கல் எழுப்பினார்கள். பல நாடுகளைச் சேர்ந்த நூற்றுக்கு மேற்பட்டோரின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டன. பின்னர் மேலும் பல பெயர்கள் சேர்ந்தன.

அந்தக் கல்லில் இருப்பவர்கள் கதிரை இயக்கியவர்கள். 1928இல் ஸ்டாக்ஹோமில் கூடிய கதிரியல் மாநாடு அனைத்துலகப் பாதுகாப்புக் குழுவை அமைத்தபோதும், அதன் முதல் கவலை இயக்குபவர் பற்றியதாகவே இருந்தது. அதில் நேர்மை இருந்தது. நோயாளி வாழ்நாளில் ஓரிருமுறை சில நொடிகள் கதிரில் நிற்பார். மருத்துவரோ நாள்தோறும் நிற்பார். எனவே ஈயக் கவசமும் ஈயக் கண்ணாடியும், சட்டையில் குத்திக்கொள்ளும் கதிரளவுப் பட்டையும் பணியாளர்களுக்காக வந்தன. பணியாளர் காப்பாற்றப்பட்டார். அவர் கையில் புண் வருவது நின்றது. புண் வருவது நின்றதும், கதிர் புண்ணாக்கும் என்ற அறிவும் மெல்ல மருத்துவமனையை விட்டு நீங்கியது. நோய்களைப் பொறுத்தும் இப்படித்தானே நடக்கிறது? பெரியம்மையைக் கண்ணால் காணாத தலைமுறைக்கு அதன் அச்சம் எப்படித் தெரியும்?

இனி இதயத்தின் பக்கம் வருவோம்.

1929இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்ட் என்னும் சிற்றூர் மருத்துவமனையில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற 25 வயது மருத்துவர் பணியாற்றினார். கைச் சிரை வழியாக ஒரு மெல்லிய குழாயை இதயம்வரை செலுத்தலாம் என்பது அவர் எண்ணம். மேலதிகாரி இசையவில்லை. ஃபோர்ஸ்மன் அறுவைக்கூடத் தாதி ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். அந்த அம்மையார் தம்மேல்தான் சோதனை நடக்கப்போகிறது என்று எண்ணிப் படுத்திருக்க, இவர் தம் கையிலேயே சிறுநீரகக் குழாய்க்குரிய கதீட்டரைச் செலுத்திக்கொண்டார். 65 சென்டிமீட்டர். குழாய் கையில் தொங்க, படியிறங்கி எக்ஸ்-ரே அறைக்கு நடந்து, தாதி பிடித்த கண்ணாடியில் ஒளிர்திரையைப் பார்த்துக்கொண்டே குழாயின் நுனி இதயத்தை அடைந்ததை உறுதிசெய்து, படமும் எடுத்துக்கொண்டார். பாராட்டுக்கு மாறாகக் கண்டனமே கிடைத்தது. அவர் சிறுநீரக மருத்துவரானார். 1932இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் அவர் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்; வீரச்செயல் செய்தவர் எல்லாவற்றிலும் போற்றத்தக்கவராய் இருக்க வேண்டும் என்று விதியில்லை. அவர் வழியை நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் ஆந்த்ரே கூர்னாண்டும் டிக்கின்சன் ரிச்சர்ட்சும் 1940களில் வளர்த்தெடுத்தார்கள். மூவருக்கும் 1956இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஃபோர்ஸ்மனின் கதையில் எனக்குப் படுவது ஒன்றே. இதயத்துக்குள் சென்ற முதல் குழாயே ஊடுகதிரின் கண்கொண்டுதான் சென்றது. கதிர் இல்லாமல் அந்தச் சிகிச்சை இல்லை. இன்றுவரை பெரும்பாலும் அப்படித்தான்.

அக்கால ஒளிர்திரை மிக மங்கலானது. மருத்துவர்கள் சிவப்புக் கண்ணாடி அணிந்து அரை மணி நேரம்போல் கண்ணைப் பழக்கிக்கொண்டு, இருட்டறைக்குள் சென்று பார்ப்பார்கள். 1948இல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் ஜான் கோல்ட்மன் உருவாக்கிய படப்பெருக்கிக் குழாய் இதை மாற்றிவிட்டது. மங்கல் படத்தைப் பல மடங்கு ஒளிரச்செய்யும் கருவி அது. பிறகு அதனோடு தொலைக்காட்சியும் திரைப்படக் கருவியும் சேர்ந்தன. இருட்டில் கண் வலிக்கப் பார்த்த காலத்தில், பார்ப்பவரின் களைப்பே ஒருவகைத் தடையாய் இருந்திருக்கும். வெளிச்சமான திரை வந்ததும் அந்தத் தடை போயிற்று. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

1958 அக்டோபர் 30 அன்று, அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் மேசன் சோன்ஸ் என்ற மருத்துவர், மேசைக்குக் கீழே வெட்டியிருந்த பள்ளத்தில் அமர்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகாதமனியில் செலுத்த வேண்டிய நிறமருந்து, குழாய் நுனி நழுவியதால், இதயத்துக்கே குருதி ஊட்டும் வலப்பக்கத் தமனிக்குள் பாய்ந்துவிட்டது. அப்படி நேர்ந்தால் உயிர் போகும் என்று அன்று நம்பியிருந்தார்கள். சோன்ஸ் பள்ளத்திலிருந்து பாய்ந்து ஏறினார். 26 வயது நோயாளியின் இதயம் சில நொடி நின்றது, இருமச் சொன்னார், அவர் இருமினார், இதயம் மீண்டும் துடித்தது. அந்தத் தற்செயலிலிருந்து பிறந்ததே இன்று நாம் ஆஞ்சியோகிராம் என்று சொல்லும் இதயத் தமனிப் படம்.

சார்லஸ் டாட்டர் 1964 ஜனவரி 16இல், கால் இழக்கும் நிலையிலிருந்த 82 வயது மூதாட்டியின் காலத் தமனி அடைப்பைக் குழாய்களாலேயே விரித்துக் காட்டினார். ஆந்த்ரியாஸ் குருயென்ட்சிக் அதைப் படித்து, சூரிச் நகரில் தம் வீட்டுச் சமையலறை மேசையில் பலூன் குழாய்களைச் செய்துபார்த்து, 1977 செப்டம்பர் 16 அன்று 38 வயது நோயாளி ஒருவரின் இதயத் தமனியை நெஞ்சைத் திறக்காமல் விரித்தார். 1986இல் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் முதல் ஸ்டென்ட்கள் பொருத்தப்பட்டன. மலேசியாவின் தேசிய இதயக் கழகமாகிய ஐ.ஜே.என். 1992இல் திறக்கப்பட்டபோது இச்சிகிச்சை உலகெங்கும் வழக்கமாகிவிட்டிருந்தது.

இங்கேதான் கணக்கு மாறியது. தமனியைப் படமெடுத்துப் பார்ப்பதற்குச் சில நிமிடக் கதிர் போதும். அடைப்பை நீக்குவதற்கு அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே கம்பியைச் செலுத்த வேண்டும். முற்றிலும் அடைத்துப்போன பழைய தமனியாக இருந்தால் ஒரு மணி, இரண்டு மணி ஆகும். இதயத் துடிப்புக் கோளாற்றை மின்வெப்பத்தால் சரிசெய்யும் முறை 1980களின் இறுதியில் வந்தது; தொடக்கத்தில் அதற்கும் நீண்ட நேரக் கதிர் தேவைப்பட்டது. நோயாளி சில நொடிதான் கதிரில் நிற்பார் என்ற பழைய எண்ணம் பொய்த்துவிட்டது. ஆனால் எண்ணத்தை யாரும் மாற்றிக்கொள்ளவில்லை.

புண் ஏன் முதுகில் வருகிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். கதிர்க்குழாய் மேசைக்குக் கீழே இருக்கிறது; படத்தை வாங்கும் கருவி மார்புக்கு மேலே. கதிர் முதுகுத் தோல் வழியாக நுழைந்து மார்பு வழியாக வெளியேறுகிறது. "ஊடுகதிர்" என்ற அழகான தமிழ்ச்சொல் இந்த இடத்தில் நம்மைச் சற்று ஏமாற்றிவிடும். ஊடுருவி வெளியேறுவது நூற்றில் சில பங்கே. அந்தச் சில பங்குதான் படமாகிறது. மற்றவை உடலிலேயே தங்குகின்றன, அல்லது சிதறுகின்றன. நுழையும் இடத்துத் தோலே மிகுதியாக ஏற்கிறது.

உடல் பருத்திருந்தால் நிலைமை இன்னும் கடினம். வெளியே வரும் கதிர் குறைந்து படம் மங்கினால், எந்திரம் தானாகவே கதிரைக் கூட்டிக்கொள்ளும். மருத்துவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. தசையின் தடிமன் ஏறக்குறைய 3, 4 சென்டிமீட்டர் கூடினாலே, அதே படத்துக்கு இரட்டிப்புக் கதிர் தேவைப்படும். குழாயைச் சாய்த்து ஓரக்கோணத்தில் பார்க்கும்போதும் கதிர் கடக்க வேண்டிய தொலைவு நீள்கிறது. முதுகும் குழாய்க்கு அருகில் வந்துவிடுகிறது. தொலைவு பாதியானால் கதிர் நான்கு மடங்கு. நீரிழிவும் பருத்த உடலும் நம் மக்களிடையே மிகுதி என்பதை நம் குடும்ப விருந்துகளுக்குச் சென்றவர் அறிவர். தமனி அடைப்பு வருபவரும் பெரும்பாலும் அவர்களே. கதிர் மிகுதியாகத் தேவைப்படுபவரும் அவர்களே.

உடல் ஏற்ற கதிரை அளக்கும் அலகுக்குக் கிரே என்று பெயர். லூயிஸ் ஹெரால்ட் கிரே என்ற ஆங்கில இயற்பியலாளரின் நினைவாக 1975இல் வைத்தது. ஒரு கிலோகிராம் பொருள் ஒரு ஜூல் ஆற்றலை ஏற்றால் அது 1 கிரே. தோல் 2 கிரே ஏற்றால் சில மணி நேரத்தில் இலேசாகச் சிவந்து மறையலாம். 3 கிரேக்கு மூன்று வாரத்தில் முடி உதிரும். 6 கிரேக்குப் பத்து நாள் அளவில் நன்றாகச் சிவக்கும். 18 கிரேயைத் தாண்டினால் தோலின் அடிப்பகுதியே செத்துப்போகலாம். அது தெரிய பத்து வாரத்துக்கு மேலாகும். ஐந்தாம் படிவ மாணவர்கூடப் போடக்கூடிய ஒரு கணக்கைச் சொல்கிறேன். 18 கிரே என்பது கிலோவுக்கு 18 ஜூல். அது தண்ணீரின் வெப்பநிலையை ஒரு பாகையில் இருநூறில் ஒரு பங்குகூட உயர்த்தாது. தோலைக் கொல்லும் கதிர் தோலைச் சுடுவதில்லை. அதனால்தான் படுத்திருப்பவர் "சுடுகிறது" என்று சொல்வதில்லை, மருத்துவரும் நிறுத்துவதில்லை. வெந்நீரில் விரல் பட்டால் உடனே இழுத்துக்கொள்கிறோம். இங்கே இழுத்துக்கொள்ளச் சொல்லும் வலி மூன்று வாரம் கழித்து வருகிறது.

1990 மார்ச் 29 அன்று அமெரிக்காவில் 40 வயது ஆடவர் ஒருவருக்கு ஒரே நாளில் ஆஞ்சியோகிராம், பிறகு பலூன் சிகிச்சை, அதில் சிக்கல் நேர்ந்ததால் மீண்டும் ஆஞ்சியோகிராம், இறுதியில் நெஞ்சைத் திறந்து மாற்றுவழி அறுவை என்று எல்லாம் நடந்தன. கதிர் பாய்ந்த நேரம் இரண்டு மணிக்கு மேல். அவர் உயிர் பிழைத்தார். ஏறத்தாழ ஒரு திங்கள் கழித்து அவர் முதுகில் ஓரிடம் சிவந்தது. ஒரு வாரத்தில் தோல் உரிந்தது. மே மாத நடுவில் தீப்புண்போல் இருந்தது. கோடையின் இறுதியில் ஆறிவிட்டது போலத் தோன்றியது. நடுவே ஒரு சிறு புண் மட்டும் எஞ்சியது. அந்தப் புண் ஆறவில்லை. அடுத்த ஆண்டில் தசை செத்து ஆழக் குழிந்தது. கடைசியில் வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டினார்கள். அவர் முதுகு ஏற்றது 20 கிரேக்கு மேல் இருக்கும் என்று பின்னர் கணித்தார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் தாமஸ் ஷோப் 1996இல் எழுதிய கட்டுரையில் அந்த முதுகின் படங்கள் வரிசையாக உள்ளன. நெஞ்சுரம் உள்ளவர்கள் மட்டும் தேடிப் பார்க்கவும்.

இத்தகைய புண்ணோடு வந்தவர்களை முதலில் பார்த்தவர் இதய மருத்துவர் அல்லர். தோல் மருத்துவர் அல்லது குடும்ப மருத்துவர். பூச்சிக்கடி, ஒவ்வாமை, படர்தாமரை என்று பலவாறு நினைத்து மருந்து தடவினார்கள். இதயச் சிகிச்சையை முதுகுப் புண்ணோடு இணைத்துப் பார்க்க அவர்களுக்குக் காரணமே இல்லை. செய்த மருத்துவருக்கோ அந்த நோயாளி வெற்றிகரமாக வீடு திரும்பியவர். விளைவைக் கண்டவருக்குக் காரணம் தெரியாது. காரணம் அறிந்தவர் விளைவைக் காணவில்லை. டாலியின் காலத்தில் காரணமும் விளைவும் ஒரே ஆளின் கையில் இருந்தன. அதனாலேயே உலகம் விரைவில் விழித்துக்கொண்டது. இம்முறை இரண்டுக்கும் நடுவே சில வாரங்களும் இரண்டு மருத்துவமனைகளும் இருந்தன.

1994 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மருத்துவர்களுக்கு வெளிப்படையான எச்சரிக்கை விடுத்தது. அதனோடு வந்த அட்டவணை எளியது, அச்சுறுத்துவது. வழக்கமான வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 0.02 கிரே வீதம் கதிர் பாய்ந்தால், 2 கிரேயை எட்ட 1.7 மணி நேரம் ஆகும். உயர்கதிர் நிலை என்ற பொத்தானை அழுத்தி 0.2 கிரே வீதம் பாய்ச்சினால் 10 நிமிடம் போதும். தோல் சாகும் 18 கிரேக்கு அந்த வேகத்தில் ஒன்றரை மணி நேரம். அந்த உயர்கதிர் நிலைக்கு அமெரிக்கச் சட்டத்தில் அதுவரை உச்சவரம்பே இருக்கவில்லை, 1995இல்தான் வந்தது. அக்காலக் கருவிகளில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒலிக்கும் மணி ஒன்று இருந்தது. மருத்துவர் அதை அணைத்துவிட்டுத் தொடர்வார். மொத்தம் எத்தனை கிரே ஆயிற்று என்று காட்டும் கருவி இருக்கவில்லை. நம் வண்டிகளில் வேகமும் தொலைவும் காட்டும் கருவிகள் இருக்கின்றன. இங்கே எண்ணெய் தீர்ந்ததை வண்டி நின்ற பிறகே அறியும் நிலை.

2001இல் வெளியான ஆய்வொன்று, அதுவரை ஆய்விதழ்களில் பதிவான 73 தோல் காயங்களைத் தொகுத்தது. அவற்றில் 47 இதயத் தமனிச் சிகிச்சையால் வந்தவை. 12 துடிப்புக் கோளாற்றுச் சிகிச்சையால் வந்தவை. இந்த வகைக் காயங்களுள் இன்னொரு வகையும் உண்டு. நோயாளியின் கை மேசையின் ஓரமாகச் சரிந்து குழாயின் வாய்க்கு மிக அருகில் கிடந்திருக்கிறது. இடைவெளி காப்பதற்காக அங்கே பொருத்தியிருக்க வேண்டிய கூம்பைக் கழற்றி வைத்திருந்தார்கள். பச்சைத் துணி போர்த்தியிருந்ததால் கை அங்கே இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. இடைவெளி வேண்டும் என்பது 1896லேயே தெரிந்த செய்தி.

இதை எழுதும்போது ஓர் அச்சமும் எனக்கு உண்டு. ஆஞ்சியோகிராமுக்கு நாள் குறித்திருக்கும் ஒருவர் இதைப் படித்துவிட்டுப் போகாமல் இருந்துவிடக் கூடாது. உலகில் ஆண்டுதோறும் பல இலட்சம் பேருக்கு இச்சிகிச்சை நடக்கிறது. ஆழ்ந்த புண் வருபவர் மிகச் சிலர். புற்றுநோய்க்கான வாய்ப்பைக் கணிக்க மில்லிசீவர்ட் என்ற அலகில் சொல்வார்கள். ஆஞ்சியோகிராமுக்குச் சராசரியாக 7, பலூன் சிகிச்சைக்கு 15 என்று கொள்ளலாம். மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் இயற்கையாகவே நாம் ஆண்டுக்குப் பெறுவது உலகச் சராசரியில் 2.4. அறுபது வயதில் அடைத்துக்கொண்ட தமனியோடு ஒப்பிட்டால் அந்த இடர் சிறியதே. மாரடைப்பு வந்தவர் தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை சாகிறது.

எச்சரிக்கைக்குப் பின் மாற்றங்கள் மெல்ல வந்தன. அனைத்துலகக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்றே ஓர் அறிக்கையை எழுதியது. அமெரிக்காவில் 2006 ஜூன் 10 முதல் உருவாகும் கருவிகள் கதிரின் வேகத்தையும் மொத்த அளவையும் இயக்குபவருக்குக் காட்டியாக வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்த எண் தோல் ஏற்ற அளவு அன்று. குறித்த ஓர் இடத்தில் காற்றில் அளந்த மதிப்பு. இருந்தாலும், எண்ணே இல்லாததைவிட மேல். நொடிக்கு 30 துடிப்பாகப் பாய்ந்த கதிரை 15, 7.5 என்று குறைத்தாலும் வேலை நடக்கிறது என்று கண்டார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இத்தகைய சீர்திருத்தங்களால் மூன்று ஆண்டுகளில் கதிரளவை 40 விழுக்காடு குறைத்ததாக 2012இல் எழுதினார்கள். புதிய கருவி வாங்கிக் கிடைத்த பயன் அன்று அது. பெரும்பகுதி பழக்கத்தை மாற்றியதால் வந்தது.

மலேசியாவுக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. அனைத்துலக அணுசக்தி முகமையின் முயற்சியில், இங்குள்ள இதயச் சிகிச்சைப் பணியாளர்களின் கண்களைச் சோதித்த ஆய்வு 2010இல் வெளியாயிற்று. 56 இதய மருத்துவர்களில் 29 பேருக்கும் 11 தாதியரில் 5 பேருக்கும் கண்வில்லையின் பின்புறத்தில் கதிரால் வரக்கூடிய மங்கல் தென்பட்டது. கதிர்ப்பணி செய்யாத 22 பேரில் 2 பேருக்கே அது இருந்தது. மறுஆண்டே அனைத்துலக ஆணையம் பணியாளர் கண்ணுக்கான வரம்பை ஆண்டுக்கு 150 மில்லிசீவர்ட்டிலிருந்து சராசரி 20 ஆகக் குறைத்தது. எங்கள் நாட்டு ஆய்வோடு வேறு நாட்டு ஆய்வுகளும் அதற்கு முன்னரே பேசப்பட்டு வந்தன. மருத்துவரின் கண்ணில் விழும் கதிர் எங்கிருந்து வருகிறது தெரியுமா? குழாயிலிருந்து நேரே வருவதில்லை. நோயாளியின் உடலில் பட்டுச் சிதறி வருகிறது. நோயாளி முதுகில் பாதி விழுந்தால் மருத்துவர் கண்ணிலும் பாதிதான் விழும்.

2010இல் அமெரிக்கக் கதிர்ப் பாதுகாப்புக் குழு ஓர் எல்லையை வகுத்தது. கருவி காட்டும் மொத்த அளவு 5 கிரேயைத் தாண்டினால், அதை நோயாளியின் ஏட்டில் எழுத வேண்டும். நோயாளியிடம் சொல்ல வேண்டும். பின்னர் அவர் தோலைக் கவனிக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும். அவ்வாறு எல்லையைத் தாண்டியவருக்கு மருத்துவமனைகள் கொடுத்தனுப்பும் தாள்களில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: சிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் முதுகில் சிவப்போ புண்ணோ தென்படுகிறதா என்று பார்க்க வேண்டும். தம் முதுகைத் தாமே பார்த்துக்கொள்ள யாராலும் முடியாது என்பதால், அந்த வரி வீட்டில் இருப்பவர்களுக்கு எழுதப்பட்டிருக்கும். மனைவிக்கோ, கணவருக்கோ, மகளுக்கோ.